பல் மருத்துவமனையின் தரமும் பாதுகாப்பும்: நெல்லை வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் பல் மருத்துவம் பார்த்துவரும் நான், அம்பாசமுத்திரத்திலிருந்து வள்ளியூர் வரை சக மருத்துவர்கள் அழைக்கும்போது அவர்களுடைய மருத்துவமனைக்குச் சென்று, அரை நாள் உட்கார்ந்து வேலை நடக்கும் விதத்தைப் பார்த்து, கண்ட குறைகளை எழுதிக் கொடுத்துவருகிறேன். இது அரசு ஆய்வு அன்று. அரசு ஆய்வாளர் வருவதற்கு முன்பே நம் வீட்டை நாமே சரிசெய்துகொள்ளும் முயற்சி. அப்படிச் சென்ற இடங்களில் நோயாளிகளும், உதவியாளர்களும், புதிதாக மருத்துவமனை திறக்கும் இளம் மருத்துவர்களும் கேட்ட கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

ஒரு பல் மருத்துவமனையை ஆய்வு செய்யும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது?

ஒருவருக்கு மட்டும் என்று சொல்ல முடியாது. தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997-இல் வந்தது. அதை நடைமுறைப்படுத்தும் விதிகள் 2018-இல் வந்தன. அவற்றின்படி ஒரே நாற்காலி போட்டு நடத்தும் சிறு பல் மருத்துவமனையும் மாவட்ட மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநரிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். நேரில் வந்து பார்க்கும் அதிகாரமும் அந்த அலுவலகத்துக்கு உண்டு. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானதால், ஆலங்குளத்திலும் கடையத்திலும் இருப்பவர்கள் தென்காசி இணை இயக்குநரையே அணுக வேண்டும் என்பதைப் பலர் இன்னும் மறந்துவிடுகிறார்கள். மருத்துவரின் தகுதியையும் நடத்தையையும் மாநிலப் பல் மருத்துவக் கவுன்சில் பார்க்கிறது. கழிவைத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பார்க்கிறது. எக்ஸ்ரே கருவி அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் கீழ் வருகிறது. இவை தவிர, தாமாக விரும்பிக் கேட்டுக்கொள்பவர்களுக்கு என்.ஏ.பி.எச். என்ற தேசிய அமைப்பு தரச் சான்று வழங்குகிறது; அது கட்டாயம் இல்லை.

வரவேற்பறைச் சுவரில் எதைத் தேடிப் பார்க்க வேண்டும்?

மருத்துவரின் பெயர், அவருடைய பி.டி.எஸ். அல்லது எம்.டி.எஸ். பட்டம், மாநிலக் கவுன்சிலில் அவர் பெற்ற பதிவு எண், மருத்துவமனைக்கான இணை இயக்குநர் அலுவலகப் பதிவுச் சான்று ஆகியவை கண்ணில் படும்படி இருக்க வேண்டும். சான்றிதழில் இருக்கும் பெயரும் உங்கள் வாயில் கை வைப்பவரின் பெயரும் ஒன்றுதானா என்று பாருங்கள். சில இடங்களில் சான்றிதழ் ஒருவருடையதாக இருக்கும். வேலை செய்பவர் இன்னொருவராக இருப்பார். தலைமுறை தலைமுறையாகப் பல் கட்டிக் கொடுப்பவர்களிடம் போகலாமா என்றும் கேட்கிறார்கள். பதிவு பெறாதவர் பல் மருத்துவம் பார்ப்பது சட்டப்படி குற்றம். அனுபவம் எத்தனை ஆண்டு இருந்தாலும் இதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை.

ஆய்வுக்குச் சென்றதும் முதலில் எதைப் பார்க்கிறீர்கள்?

சான்றிதழ்களை முதலில் கேட்பதில்லை. ஒரு நோயாளி எழுந்து போன பிறகு அடுத்த நோயாளி வந்து உட்காரும் வரை உள்ள பத்து நிமிடத்தைப் பார்க்கிறேன். ஒரு மருத்துவமனையின் பாதுகாப்பு முழுவதும் அந்தப் பத்து நிமிடத்துக்குள் தெரிந்துவிடும் என்பது என் அனுபவம்.

உதவியாளர் கையுறையைக் கழற்றிவிட்டுக் கை கழுவுகிறாரா, அல்லது அதே கையுறையோடு இழுப்பறையைத் திறந்து பஞ்சு எடுக்கிறாரா? நாற்காலியின் கைப்பிடி, விளக்கின் பிடி, உறிஞ்சுகுழாயின் பிடி ஆகியவற்றைக் கிருமிநாசினியால் துடைக்கிறாரா? துடைத்தால், அந்தத் திரவம் காயும்வரை விடுகிறாரா? எச்சில் துப்பும் தொட்டியைக் கழுவிய அதே துணியால் கருவித் தட்டையும் துடைத்த ஒரு இடத்தை நான் பார்த்திருக்கிறேன். அங்கே உதவியாளராக இருந்த பெண் மிகவும் பொறுப்பானவர்; துணி வெண்மையாக இருந்ததால் சுத்தம் என்று நினைத்திருந்தார். அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை என்பதே உண்மை. மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி காய்ந்த இரத்தக் கறையிலும் ஏழு நாள் வரை உயிரோடு இருக்கும் என்று விளக்கியபோது அவர் முகம் வாடிப்போனதை இன்னும் மறக்க முடியவில்லை.

அடுத்ததாகப் பல்லைக் குடையும் கைக்கருவியைக் கவனிக்கிறேன். நோயாளிகள் மிகவும் அஞ்சும் சத்தம் அதிலிருந்துதான் வருகிறது. வெளிப்புறத்தை ஸ்பிரிட் வைத்துத் துடைத்துவிட்டு அடுத்தவருக்குப் பயன்படுத்துவது நம் ஊரில் இன்னும் பல இடங்களில் நடக்கிறது. அந்தக் கருவி நிற்கும் நொடியில் வாயிலிருக்கும் எச்சிலும் இரத்தமும் அதன் உட்குழாய்க்குள் பின்வாங்கிச் செல்லக்கூடும். வெளியே துடைப்பதால் உள்ளே இருப்பது போய்விடாது. ஆகவே ஒவ்வொரு நோயாளிக்கும் அது ஆட்டோகிளேவ் என்ற, நீராவியால் கிருமி நீக்கும் இயந்திரத்துக்குப் போய்வர வேண்டும். ஒரு நாளில் பதினைந்து பேரைப் பார்க்கும் மருத்துவமனையில் இரண்டே கைக்கருவிகள் இருந்தால், கணக்குப் போட்டாலே விடை தெரிந்துவிடும். வேறு எந்தப் பதிவேட்டையும் புரட்ட வேண்டியதில்லை.

கருவிகளை வெந்நீரில் நன்றாகக் கொதிக்க வைத்தால் போதாதா?

போதாது. கொதிநீர் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. வித்து வடிவில் உறங்கும் சில பாக்டீரியாக்கள் அந்த வெப்பத்தைத் தாங்கிக்கொள்ளும். ஆட்டோகிளேவ் நம் வீட்டுக் குக்கரைப் போன்றதே. நீராவியை அழுத்தத்தில் அடைத்து வெப்பத்தை உயர்த்துகிறது. பொதிந்த கருவிகளுக்கு 121 டிகிரியில் 30 நிமிடம் வேண்டும். முதலில் உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி வெளியேற்றும் வகை இயந்திரத்தில் 134 டிகிரியில் 3 முதல் 4 நிமிடம் போதும். குழாய் போன்ற உட்துளை உள்ள கருவிகளுக்கு இந்த இரண்டாம் வகையே ஏற்றது. துளைக்குள் காற்று தங்கிவிட்டால் அங்கே நீராவி நுழையாது.

நீல விளக்கு எரியும் கண்ணாடிப் பெட்டியைக் காட்டி, அதில் வைத்தால் கிருமி செத்துவிடும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். புற ஊதா ஒளிப்பெட்டி, ஏற்கெனவே தூய்மைப்படுத்திய கருவிகளை வைத்துக்கொள்ளும் இடம் மட்டுமே.

ஆட்டோகிளேவ் வாங்கி வைத்திருக்கிறார்கள். அது வேலை செய்கிறது என்பதற்கு என்ன சான்று?

விளக்கு எரிவதையும் சத்தம் வருவதையும் சான்றாகக் கொள்ள முடியாது. கருவிகளைப் போடும் காகிதப் பையில் ஒரு சிறு குறி அச்சிடப்பட்டிருக்கும். வெப்பம் பட்டால் அதன் நிறம் மாறும். உங்கள் கண் முன்னால் அந்தப் பையைக் கிழித்துக் கருவியை எடுத்தால், நிறம் மாறியிருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். ஆனால் அது வெப்பம் பட்டதை மட்டுமே சொல்லும். கிருமி உண்மையில் அழிந்ததா என்பதை அறிய, வெப்பத்தை எளிதில் தாங்கும் ஒரு பாக்டீரியாவின் வித்துக்கள் அடங்கிய குப்பியை வாரம் ஒருமுறை கருவிகளோடு சேர்த்து உள்ளே வைத்து, பிறகு அது வளர்கிறதா என்று பார்க்க வேண்டும். நான் சென்ற இடங்களில் மிகக் குறைவாகக் கண்டது இந்தச் சோதனையைத்தான்.

நம் வட்டாரத்துக்கென்று ஒரு தொல்லை இருக்கிறது. தாமிரபரணித் தண்ணீர் வரும் ஊர்களில் பரவாயில்லை. ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றினால் சில மாதங்களிலேயே இயந்திரத்தின் உள்ளே வெள்ளை உப்புப் படிந்துவிடும். ஒரு மருத்துவமனையில் கதவின் ரப்பர் வளையத்தை விரலால் தடவிப் பார்த்தேன். சுண்ணாம்பு தேய்த்தது போல விரல் வெளுத்தது. அந்த உப்பு நீராவி செல்லும் துளைகளை அடைத்து, வெப்பமானியைப் பொய் சொல்ல வைக்கும். இயந்திரத்துக்குக் காய்ச்சி வடித்த நீரையே ஊற்ற வேண்டும். மின்தடையால் சுற்று பாதியில் நின்றுபோனால், மின்சாரம் வந்த பின் விட்ட இடத்திலிருந்து தொடரக் கூடாது; முதலிலிருந்து ஓட்ட வேண்டும்.

வாணியம்பாடியில் நடந்தது என்ன? அது இங்கேயும் நடக்குமா?

திருப்பத்தூர் மாவட்டம் வாணியம்பாடியில் ஒரு பல் மருத்துவமனையில் 2023-இல் சிகிச்சை பெற்றவர்களிடையே மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் என்ற நோய் பரவியது. இது குறித்த ஆய்வு 2025-இல் வெளிவந்தது. அந்த மருத்துவமனையோடு தொடர்புடையவர்களாக 10 பேர் கண்டறியப்பட்டார்கள். அவர்களில் 8 பேர் இறந்துபோனார்கள். பல் வலிக்குப் போனவர்கள் அவர்கள். இதை எழுதும்போது எனக்குக் கை ஓடவில்லை. ஆனாலும் ஒவ்வொரு பல் மருத்துவரும் இதை முழுமையாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

காரணமாகச் சுட்டப்பட்டது விலை உயர்ந்த கருவியோ அரிய மருந்தோ இல்லை. காயத்தைக் கழுவப் பயன்படும் உப்புநீர் பாட்டில். ஈறை விலக்கும் கருவியால் அதன் வாயைத் திறந்து, கொஞ்சம் எடுத்துக்கொண்டு, மிச்சத்தைச் சரியாக மூடாமல் வைத்து, அடுத்தவருக்கும் அதிலிருந்தே எடுத்திருக்கிறார்கள். பயன்பாட்டிலிருந்த பாட்டிலில் அந்தக் கிருமி இருந்தது. அது மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் கிருமி. ஈரமான நெல்வயல் மண் அதற்கு உகந்த இடம். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, முக்கூடல் என்று ஆற்றுப் பாசன வயல்களுக்கு நடுவே வாழும் நாம், இங்கே அது வராது என்று சொல்லிக்கொள்ள எந்த அடிப்படையும் இல்லை.

ஆகவே, ஆய்வுக்குப் போகும் இடமெல்லாம் நான் உப்புநீர் பாட்டிலைக் கையில் எடுத்துப் பார்க்கிறேன். திறந்த நாளும் நேரமும் அதன்மேல் எழுதியிருக்கிறதா? ஊசி குத்திய நிலையிலேயே தொங்குகிறதா? வேலை முடிந்ததும் மிச்சத்தைக் கொட்டிவிடுகிறார்களா? பாதிப் பாட்டிலைக் கொட்ட மனம் வராத சிக்கனம் நம் ஊரில் நல்ல குணமாகவே கருதப்படுகிறது. இந்த ஓர் இடத்தில் அது கூடாது. சிறு பாட்டில்களாக வாங்கினால் வீணாவதும் குறையும்.

நாற்காலியோடு இணைந்த குழாய்களில் வரும் தண்ணீரும் இதே கவனத்தைக் கோருகிறது. மெல்லிய குழாய்களின் உட்சுவரில் கிருமிகள் பாசிபோல் படிந்துவிடும். ஒரு மில்லிலிட்டரில் 500-க்கு மேல் பாக்டீரியா கூட்டங்கள் வளரக் கூடாது என்பது அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் வகுத்திருக்கும் அளவு. ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் 20 முதல் 30 நொடி தண்ணீரை ஓடவிட்டு, குறிப்பிட்ட இடைவெளியில் கிருமிநாசினி செலுத்திக் கழுவ வேண்டும். பல் எடுத்தல், எலும்பைக் குடைதல் போன்றவற்றில் இந்தத் தண்ணீரையே பயன்படுத்தக் கூடாது. கிருமி நீக்கிய உப்புநீர்தான் வேண்டும்.

மரத்துப்போகும் ஊசி ஒவ்வொருவருக்கும் புதிதா?

ஊசியும் சிரிஞ்சும் பெரும்பாலும் புதிதாகவே இருக்கின்றன. மக்களும் இதைக் கேட்டுப் பழகிவிட்டார்கள். எனக்குக் கவலை தருவது மருந்துக் குப்பி. இங்கே பலரும் பயன்படுத்துவது பலருக்குப் போடக்கூடிய 30 மில்லிலிட்டர் லிக்னோகைன் குப்பி. ஒருவருக்குப் போட்ட பிறகு மரக்கவில்லை என்று சொன்னால், அதே சிரிஞ்சை மீண்டும் குப்பிக்குள் குத்தி மருந்து எடுக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அந்த நொடியில் அந்தக் குப்பி முழுவதும் கெட்டுவிட்டது என்றே கொள்ள வேண்டும். இரண்டாம் முறை எடுக்கப் புதிய ஊசியும் புதிய சிரிஞ்சும் வேண்டும். குப்பியைத் திறந்த தேதியை அதன்மேல் எழுதி, 28 நாளுக்குள் பயன்படுத்தி முடிக்க வேண்டும். தயாரிப்பாளர் அதைவிடக் குறைந்த கெடு கொடுத்திருந்தால் அதுவே கணக்கு.

பல் எக்ஸ்ரே எடுப்பதால் ஆபத்து உண்டா?

ஒரு சிறு பல் எக்ஸ்ரேயில் கிடைக்கும் கதிர்வீச்சு மிகக் குறைவு. பொதுமக்களுக்கு ஓர் ஆண்டுக்கு வகுக்கப்பட்ட வரம்பான 1 மில்லிசீவர்ட்டில் நூற்றில் ஒரு பங்கைக்கூடப் பொதுவாக எட்டாது. கூடங்குளம் அணுமின் நிலையத்தைக் கண்காணிக்கும் அதே அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்தான் உங்கள் தெருவிலுள்ள பல் மருத்துவமனைச் சுவரில் பொருத்திய சிறு எக்ஸ்ரே கருவியையும் பதிவு செய்யச் சொல்கிறது. இ-லோரா என்ற அதன் இணையவழி முறையில் கருவி பதிவாகியிருக்கிறதா, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தரச் சோதனை நடந்திருக்கிறதா என்று ஆய்வில் பார்க்கிறோம். நோயாளியின் வாயில் ஃபிலிமையோ சென்சரையோ உதவியாளர் தம் விரலால் பிடித்துக்கொண்டு நிற்பதை எங்கு கண்டாலும் உடனே நிறுத்தச் சொல்கிறேன். நோயாளிக்கு அது ஒருமுறை. அந்த உதவியாளருக்கு அது நாள் முழுவதும். கர்ப்பிணிகள் எக்ஸ்ரேக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

பஞ்சு, ஊசி, எடுத்த பல் எல்லாம் எங்கே போகின்றன?

2024 டிசம்பரில் நடுக்கல்லூர், கொடகநல்லூர் பகுதிகளில் கேரளத்திலிருந்து கொண்டுவந்து கொட்டப்பட்ட மருத்துவக் கழிவைக் கண்டு நாம் எல்லோரும் கொதித்தோம். தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவுப்படி அது லாரிகளில் திரும்பிப் போனது. அந்தக் கோபம் நியாயமானது. அதே கேள்வியை நம் ஊர் மருத்துவமனைகளிடமும் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

2016-ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, இரத்தம் பட்ட பஞ்சும் எடுத்த பல்லும் மஞ்சள் பையிலும், கையுறையும் உறிஞ்சுகுழாய் முனையும் ஊசி நீக்கிய சிரிஞ்சும் சிவப்புப் பையிலும், ஊசியும் பிளேடும் குத்தினாலும் துளைபடாத வெள்ளைப் பெட்டியிலும், கண்ணாடிக் குப்பிகள் நீலப் பெட்டியிலும் சேர வேண்டும். 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. அனுமதி பெற்ற பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் வண்டி வந்து எடுத்துச் செல்ல வேண்டும். வெள்ளி அடைப்பு உள்ள பல்லை மஞ்சள் பையில் போடக் கூடாது; அதில் பாதரசம் இருக்கிறது, எரித்தால் காற்றில் கலந்துவிடும். மூடியுள்ள தனிப் பாத்திரத்தில் சேர்த்து வைக்க வேண்டும்.

ஆய்வில் நான்கு நிறத் தொட்டிகளும் அழகாக வரிசையில் இருக்கும். நான் கொல்லைப்புறத்துக்கும் ஒரு நடை போய், மாநகராட்சித் தொட்டியில் என்ன கிடக்கிறது என்று பார்த்துவிட்டு வருகிறேன்.

உதவியாளர்களின் பாதுகாப்பும் இந்த ஆய்வில் அடங்குமா?

கட்டாயம் அடங்கும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டுப் பக்கத்து ஊரிலிருந்து பேருந்தில் வரும் பெண்களே பெரும்பாலும் இந்த வேலையைச் செய்கிறார்கள். அவர்களுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்று கழிவு விதிகளே சொல்கின்றன. முதல் ஊசி, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது. ஒரு முறை ஒரு பெண், விரலில் ஊசி குத்தியதை டாக்டர் திட்டுவார் என்று பயந்து மூன்று நாள் யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். முதல் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது மிகவும் நல்லது. அவர் சொல்லும்போது அந்தக் கெடு முடிந்திருந்தது. பரிசோதனையில் அவருக்கு எதுவும் இல்லை என்று தெரியும்வரை அந்த வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. குத்தினால் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி, உடனே மருத்துவரிடம் சொல்லி, ஹைகிரவுண்ட் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதை எழுதிச் சுவரில் ஒட்டச் சொல்கிறேன். சொன்னவரைத் திட்டக் கூடாது என்று மருத்துவரிடமும் தனியாகச் சொல்கிறேன்.

நாற்காலியில் ஒருவர் மயங்கி விழுந்தால்?

ஆக்சிஜன் உருளை, அட்ரினலின், குளுக்கோஸ், இரத்த அழுத்தக் கருவி ஆகியவை கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். உருளையைத் திறக்கச் சொன்னால், பல இடங்களில் சாவி எங்கே என்று தேடுகிறார்கள்.

நான் இதையெல்லாம் கேட்டால் டாக்டர் தவறாக நினைக்க மாட்டாரா?

மேலப்பாளையத்திலிருந்து வரும் ஓர் ஆச்சி ஒவ்வொரு முறையும் வாயைத் திறப்பதற்கு முன், “ஐயா, இது வெந்த சாமான்தானா?” என்று கேட்பார். பையைக் கிழித்துக் காட்டிய பிறகுதான் வாயைத் திறப்பார். எனக்கு அது மதிப்புக் குறைவாக ஒருநாளும் படவில்லை. எங்கள் உதவியாளர்கள் அவர் வரும் நாளில் மட்டும் இல்லாமல் எல்லா நாளும் பையை நோயாளி முன்னால் கிழிக்கப் பழகியது அவரால்தான். பணிவாகக் கேளுங்கள். கேட்டதற்காகக் கோபப்படும் இடத்தில் சிகிச்சை பெற வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

குறை கண்டால் எங்கே புகார் செய்வது?

முதலில் அந்த மருத்துவரிடமே சொல்லுங்கள். பல குறைகள் அங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் சுகாதாரத்துக்கும் பதிவுக்கும் இணை இயக்குநர் அலுவலகம், கழிவுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், மருத்துவரின் நடத்தைக்கு மாநிலப் பல் மருத்துவக் கவுன்சில். எங்கு கொடுப்பது என்று புரியாவிட்டால், கொக்கிரகுளம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுவாகக் கொடுக்கலாம். பணம் கொடுத்துப் பெற்ற சிகிச்சையில் இழப்பு நேர்ந்தால், இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். மருத்துவச் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே தீர்ப்பளித்திருக்கிறது. ரசீதையும் மருந்துச் சீட்டையும் எக்ஸ்ரேயையும் பத்திரமாக வைத்திருங்கள்.

ஆய்வு முடிந்த பிறகு என்ன நடக்கும்?

குறைகளை மூன்று வகையாகப் பிரித்து எழுதிக் கொடுக்கிறேன்: இன்றே நிறுத்த வேண்டியவை, ஒரு மாதத்துக்குள் மாற்ற வேண்டியவை, பணம் சேர்ந்தபோது வாங்க வேண்டியவை. உப்புநீர் பாட்டிலும் மருந்துக் குப்பியும் முதல் வகை. அவற்றைச் சரிசெய்ய அதிகச் செலவு ஆகாது. மூன்று மாதம் கழித்து மறுபடி போகிறேன்.

அப்படி ஒரு மறுவருகையில் ஒரு சிறு ஊர் மருத்துவமனையின் ஆட்டோகிளேவ் பதிவேட்டைப் புரட்டினேன். நாள்தோறும் நிறம் மாறிய குறியை வெட்டி ஒட்டி, நேரமும் கையெழுத்தும் போட்டிருந்தார்கள். ஒரு பக்கத்தில் மட்டும் குறி இல்லை, “கரண்ட் போயிட்டு. மறுபடி ஓட்டினோம். மூணு பேரை நாளைக்கு வரச் சொன்னோம்” என்று உதவியாளரின் கையெழுத்தில் எழுதியிருந்தது. அதைப் படித்த பிறகு மற்றப் பக்கங்களின் மேலும் எனக்கு நம்பிக்கை வந்தது. அடுத்த வருகைக்கான தேதியை அந்தப் பதிவேட்டிலேயே குறித்துவிட்டுக் கிளம்பினேன்.